தாட்பூட்

ஒரு மூடி போதும், கூண்டோடு போய்விடும் என்றார்
மருந்துக்கடை இஞ்ஞாசி.
போன தையில் அடித்தேன்.
பள்ளங்கிப் பக்கமிருந்து காற்று திரும்பியது.
கொடி சிரித்துக்கொண்டு நின்றது,
பிளம்ஸ் பாதி இலையைச் சுருட்டிக்கொண்டது.

இந்த வருஷம் பம்பைத் தொடவில்லை.
பேரிக்காய் மரத்தின் கழுத்துவரை ஏறிவிட்டது,
பெயருக்கேற்ற தாட்பூட்.
இழுத்தால் கிளையும் கூட வரும்.
இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு,
கணுக்காலில் ஒரு வெட்டு.
கீழ் வெட்டின் வாயில் மட்டும்
ஜெனிட்டாவின் நாலாம் நம்பர் பிரஷ்ஷால்
மை இடுவதுபோல் ஒரு தொடல்
(இனி அது அவளுக்கில்லை).
சொட்டு மண்ணில் விழாமலிருக்க அடியில் சாக்கு.

அறுபத்தோரு தண்டு. முட்டி போய்விட்டது.
இரண்டு இடத்தில்
கொடியா மரத்தின் வேரா தெரியாமல்
கீறி, முகர்ந்து,
சும்மா விட்டேன்.

மாசி போய், பங்குனியும் போய்
மேலே மிச்சக் கொடி
யாரோ மறந்துபோன வலைபோல் தொங்குகிறது.
அசிங்கமா இருக்கே, பிடுங்கிப் போடலாமே
என்கிறார் இஞ்ஞாசி, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

கொண்டைச் சின்னான் ஒன்று
காய்ந்ததில் நார் நாராய் உருவிக்கொண்டு
சீகைப் புதருக்குப் பறந்தது.
திரும்ப வந்தது.

ஆள் போட்டிருக்கிறேன் என்றேன்.