பிடித்தம்

நான்கு வருடம்
ஓவ்லு நகர விடுதியின் சலவைக்கூடத்தில்
துண்டு மடித்தான் ஓட்ஸோ.
மூன்று மடிப்பு, ஓரம் உள்ளே.
அதற்குப் பெயர் வேலை இல்லையாம், பயிற்சி.
கொடுத்ததும் கூலி இல்லை, ஊக்கத்தொகை:
நாளுக்கு ஒரு காப்பி, அரை பன்.

பேச்சு அவனுக்கு மெல்லத்தான் வரும்.
மேலாளர் ரைலி கடிகாரத்தைப் பார்ப்பார்,
நான் சன்னலைப் பார்ப்பேன்.
அவன் வாக்கியத்தை அவனே முடிக்கட்டும் என்பது
எனக்கும் அவனுக்கும் ஒப்பந்தம்.
"சம்பளத் தாள்ல... எல்லார் பேரும்...
என் பேரு... எங்க?"

ஏழு கூட்டம். பதினோரு படிவம்.
தொழிற்சங்கத்திலிருந்து சூடாக ஒரு கடிதம்.

மார்ச் கடைசியில் வந்தது சீட்டு.
தொகையைத் தேடுவான் என்றிருந்தேன்.
விரல் அதைத் தாண்டி இறங்கி
பிடித்தம் என்ற இடத்தில் நின்றது.
"இது?"
வரி. நீ கட்டினது.
"நானா?"
நீதான்.

பேருந்து ஓட்டுநரிடம் காட்டினான்.
தள்ளுவண்டிக் குழந்தையிடமும்.
குழந்தை சீட்டைக் கடிக்கப் பார்த்தது.

எதிரே ஆரஞ்சு விளக்கு சுழல
பனி வழிக்கும் வண்டி.
"அதுல கொஞ்சம்,"
இந்த முறை எங்கும் தங்காமல் வந்தது,
"என்னுது."

வண்டி எங்கள் கண்ணாடி முழுக்க
சேற்றுப் பனியை வாரியடித்துவிட்டுப் போனது.