பழைய கல், நூற்றிருபது வண்டி

கடலூர் முதுநகர், சந்தியாகப்பர் கோயில்.
புயலுக்குப் பிறகு விரிசல் குறிக்க வந்திருக்கிறோம்,
நானும் ஹபீப் கனியும்.
டேப்பின் வட்டு என் கையில்,
நுனிக்கொக்கி அவரிடம்.

வாசல் கிழக்கே, பீடம் மேற்கே.
நேர் மேற்கில்லை,
வடக்கே கொஞ்சம் தோள் சாய்த்த மேற்கு.
தெரு அப்படி இல்லை. மதில் அப்படி இல்லை.
பக்கத்து ஐஸ் கம்பெனிகூட
தெருவுக்கு ஒழுங்காகத்தான் நிற்கிறது.
"கடல்காத்து நேரா அடிக்கக்கூடாதுன்னு
திருப்பிக் கட்டிட்டாங்க" என்கிறார்
கோயில்பிள்ளை தைரியநாதன்,
பலமுறை சொன்ன வேகத்தில்.

ஹபீப் கனி காம்பஸைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"பத்தொன்பதரை. எழுதிக்கங்க."

கணக்குப் புத்தகம் இரும்புப் பெட்டியில்.
பிரெஞ்சுச் சாமியாரின் சாய்ந்த எழுத்துக்குக் கீழே
கணக்குப்பிள்ளையின் தமிழ்.
கிளிஞ்சல் சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய்,
முட்டை நாலாயிரம்,
கப்பலில் வந்த கண்ணாடி மூன்று பெட்டி, ஒன்று உடைசல்.
எல்லாவற்றுக்கும் எதிரே ரூபாய், அணா, பைசா.
பழைய கல், நூற்றிருபது வண்டி.
எதிரே ஒன்றுமில்லை.
பூஜ்யம்கூட இல்லை.

விற்றார்களா, விட்டுப்போனார்களா?
பீரங்கிக்குப் பயந்து ஒரு வெள்ளிக்கிழமை
பரங்கிப்பேட்டைப் பக்கம் தோணி ஏறியவர்கள்
திரும்பி வந்தபோது
சுவர் ஆளுயரம் எழும்பிவிட்டதா?
விலை பேச ஆள் இல்லாத சரக்குக்குக்
கட்டத்தைக் காலியாகத்தான் விடுவார்கள்.

அண்ணாந்தால், கவிழ்த்த தோணியின் வங்குக்கால்கள்போல
கல் விலாக்கள்.
வரைபடம் பிரான்சிலிருந்து வந்ததாம்.
இந்தக் கூர்முனை வளைவை
மேஸ்திரி படம் பார்க்காமலே கட்டினான் என்று
புத்தகத்தில் சாமியார் வியந்திருக்கிறார்.
எங்கே கை பழகினாய் என்று
கேட்டதாகக் குறிப்பில்லை.

குதிரைமேல் சந்தியாகப்பர், உருவிய வாளோடு.
குளம்புக்கடியில் முன்பு யாரோ கிடந்திருக்கிறார்.
இப்போது அது பச்சைப் பெயின்ட் புதர்.
"எந்தத் திருவிழாவுக்கு மாத்துனாங்கன்னு தெரியல"
என்கிறார் தைரியநாதன்.
புதருக்கு மேலே
ஒரு தலைப்பாகையின் மடிப்பு மட்டும்
மறைய மறுத்து நிற்கிறது.

தீர்த்தத் தொட்டியருகே தரையைத் தட்டினேன்.
பொள்ளல் சத்தம்.
மூன்று மீட்டர் அகலம். படிகள் இருக்கலாம்.
'ஹவுள்' என்று ஹபீப் கனி சொல்லவில்லை.
குந்தி உட்கார்ந்தார்,
சட்டைக்கையை முழங்கைக்கு மேலே மடித்தார்,
ஏதோ யோசித்து இறக்கிவிட்டார்.

என் படிவத்தில் விரிசலுக்குக் கட்டமுண்டு,
ஈரக்கசிவுக்கு உண்டு, கரையானுக்கும் உண்டு.
பத்தொன்பதரையை
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

உடைந்த கண்ணாடி வழியே
அசருக்கான பாங்கு உள்ளே வந்தது.
"தைக்கால் தெருவுக்குப் போயிட்டு
பத்தே நிமிஷத்துல வந்துடறேன்."
கொக்கியை விட்டால் டேப் சுருண்டு ஓடிவரும்.
தளத்தில் பெயர்ந்துகிடந்த கல் ஒன்றை உருட்டி
நுனிமேல் வைத்துவிட்டுப் போனார்.

அசையாமல் பிடித்துக்கொண்டது.
நான் அளவைப் படித்தேன்.