கூறு

பதிப்பகத்தார் கேட்டது முழு நூல்.
பன்னிரண்டு அத்தியாயம், பின்னட்டையில் என் படம்,
கையெழுத்திட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு.
சரி என்றுதான் தலையாட்டினேன்.
அடுத்த அறை ரெனாத்தோ ஓயார்சூன்
இதே தலையைப் பதினோரு ஆண்டுக்கு முன் ஆட்டியவர்.
இன்னும் நான்காம் அத்தியாயத்தில்
களிமண் உலரக் காத்திருக்கிறார்.

வால்திவியாவில் மே மாத மழை
யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
விறகடுப்பு எரியாவிட்டால் விடைத்தாள் திருத்த முடியாது;
விரல் விறைத்தால் எல்லோருக்கும் ஏழுக்கு நாலு, பாஸ்.
ஒரு கன மீட்டர் விறகு என்ன விலை என்று எனக்குத் தெரியும்.
ஒரு பாடநூலுக்கு ராயல்டி எவ்வளவு வரும் என்று
பதிப்பகத்தாரைக் கேட்டேன்.
காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்றார்.

ஆற்றோரச் சந்தையில் அன்று
முழு மீன் வாங்க ஆளில்லை.
நோர்மாந்தினா கத்தியைத் துடைத்தாள், கூறு போட்டாள்.
தலையையும் குடலையும் பின்பக்கம் வீச
படிக்கட்டில் கிடந்த கடல்சிங்கம் கவ்விக்கொண்டது.
பத்து நிமிடத்தில் பலகை காலி.
மீன் பையைக்கூட உள்ளே வைக்காமல்
கணினியைத் திறந்தேன்.

மண் இயக்கவியல், இரண்டாம் பருவம்.
பதினான்கு ஆண்டு நின்றுகொண்டே சொன்னது.
வாரம் வாரமாகக் கூறு கட்டினேன்:
ஏழாம் வாரம், நிலத்தடி நீரழுத்தம்,
நாற்பது ஸ்லைடு, மூவாயிரம் பெசோ.
ஆய்வகத் தாள் தனி.
விடையோடு கணக்குகள் தனி,
விடையில்லாமல் பாதி விலை
(அதை இதுவரை ஒருவரும் வாங்கவில்லை).
என் பழைய ஜோக்குகள் கொசுறு.

துறைத்தலைவர் ஒரு படிவம் அனுப்பினார்:
இவை அலுவல் நேரத்தில் தயாரித்தவையா?
ஞாயிற்றுக்கிழமை, என் விறகில், என்று நிரப்பினேன்.
"படிப்பைச் சில்லறைக்கு விற்கிறாய்" என்றார் ரெனாத்தோ.
"மொத்தமாக விற்றால் மரியாதையா?"
அவரும் சிரிக்கவில்லை, நானும்.

கொச்சபாம்பாவிலிருந்து குமர்சிந்தோ சோக்கே எழுதினார்:
கணக்கு பதினாலில் கழித்தல் குறி போட வேண்டிய இடத்தில்
கூட்டல் போட்டிருக்கிறீர்கள், உங்கள் அணை நிற்காது.
உண்மைதான். நிற்காது.
ஆறு ஆண்டு மாணவர்கள் அதைக் கட்டிக் கட்டி
தேறிப் போயிருக்கிறார்கள்.
அன்றிரவே குறியை மாற்றி
வாங்கிய இருபத்துமூன்று பேருக்கும் அனுப்பினேன்.
காலையில் அணை நின்றது.
நூலாக இருந்தால் பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுச்சீட்டு
எந்த நூலக மேசையடியிலோ உதிர்ந்து கிடந்திருக்கும்.
அன்று கொஞ்சம் கர்வப்பட்டேன், மறைப்பானேன்.

பிறகு புந்தா அரேனாஸிலிருந்து ஒரு விரிவுரையாளர்,
பெயர் யோவாங்கா மிமிட்சா:
முப்பத்தோராம் ஸ்லைடு வெறுமையாக இருக்கிறது.
காசு கொடுத்து வெள்ளைத்தாள் வாங்கவா?

முப்பதாவது ஒரு புகைப்படம்.
அறுபதாம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் இந்த ஊர் வயல்.
தண்ணீருக்கு மேல் வேலிக்கம்பங்களின் தலை மட்டும்.
அதைக் காட்டிவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன்.
சன்னலைப் பார்ப்பேன். மழை பெய்யும்.
யாரோ இருமுவார்கள், யாரோ பேனாவைத் தட்டுவார்கள்.
கடைசி வரிசையில் ஒருத்தி, அல்லது ஒருத்தன்,
"அப்போ மண் எங்கே போச்சு?" என்று கேட்கும்வரை
அடுத்ததற்குப் போக மாட்டேன்.
முப்பத்திரண்டு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

இதை எந்தத் தராசில் வைப்பது?
பிழை அல்ல, அங்கே காத்திருங்கள், என்று எழுதினேன்.
வாசித்துப் பார்க்க எனக்கே திமிராகத் தெரிந்தது.
மூவாயிரத்தைத் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த ஏப்ரலில் அதே பெயர்,
அதே ஏழாம் வாரம், முழு விலை.
குறிப்புக் கட்டத்தில் ஒரே வரி:
நாற்பத்தெட்டு வினாடி ஆனது.

யார் கேட்டார்கள் என்று எழுதவில்லை.