சாய்கோடு

பணகுடியில் பஸ் இறங்கி
மேற்கே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் பள்ளிக்கூடம்.
ஆனி மாதத்தில் அவ்வளவு தூரமும்
காற்று முந்தானையைப் பிடித்து
வந்த வழியே போ என்று இழுக்கும்.
போவதில்லை.
செவ்வாய், வியாழன், வெள்ளி,
மத்தியானம்வரை நான்தான் ஓவியம்.

இன்று மூன்றாம் வகுப்புக்குக் கோடு.
தாளுக்குப் பஞ்சமில்லை,
பழைய வாக்காளர் பட்டியல் ஒரு கட்டு கிடைத்தது.
முன்பக்கம் ஊராரின் பெயர், வயது, கதவு எண்.
பின்பக்கம் வெள்ளை.
பறக்காமலிருக்கத் தாள்மேல்
ஆளுக்கொரு செருப்பு.

நிற்கிற கோடு எது என்றேன்.
கொடிக்கம்பம். பனை. ஹெச்.எம். சார்.
படுத்த கோடு?
நாலுவழிச் சாலை, தண்டவாளம்,
தண்ணி வராத வாய்க்கால்.
"எங்க சித்தி, ஆப்பரேசன் முடிஞ்சு" என்றான் ஜெப்ரின்.
சொல்லிவிட்டு அவன் மட்டும் சிரித்தான்.

சாய்ந்த கோடு?

இசக்கிஹரீஷ் எழுந்து ஜன்னலைக் காட்டினான்.
"காத்தாடி ரெக்கை, டீச்சர்."
"அது நிக்குல்லா" என்றாள் ஒருத்தி.
"இப்பம் படுத்துட்டு, பாரு."
"இந்தா, எந்திச்சிட்டு."
ஜன்னல் கம்பிகளுக்கிடையில் இருபத்திரண்டு தலைகள்.
கரும்பலகையில் நான் மூன்று கட்டம் கீறி
மூன்றுக்கும் பெயர் எழுதி வைத்திருந்தேன்.
ரெக்கை எந்தக் கட்டத்திலும்
ஒரு மூச்சு நேரம்கூடத் தங்கவில்லை.
"காத்து நின்னாத்தான் தெரியும் டீச்சர்."
"புரட்டாசிவரைக்கும் நிக்காதே."
அதுவரை இதே பாடம்தான் என்று
பின்வரிசைக்கு ஒரே கொண்டாட்டம்.

சரி, எந்தக் கோடானாலும் போடுங்க என்றேன்.
"நேரா வரமாட்டேங்கு, டீச்சர்."
"ஏல கோட்டி, ஸ்கேல் வச்சு இழுல."
அதட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
கோடுதல் என்றால் வளைதல்.
யானையின் கொம்பு கோடு, மரத்தின் கிளை கோடு,
புத்தி வளைந்தால் எங்கள் பக்கம் கோட்டி.
வளைவதற்கென்றே பிறந்த சொல்லை
யார் நிமிர்த்தி வைத்தது?
ஸ்கேல் விற்றவனாக இருக்கும்.

பேச்சிஸ்ரீயின் தாளில் ஒன்றுமில்லை.
ஏன் போடலை?
"போட்டுட்டேன்."
எங்கே?
மடித்த தாளைப் பிரித்து
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
நடுவில் ஓடியது,
கரியில்லாமல், மையில்லாமல், வெளிச்சத்தால் ஒரு கோடு.
அந்தப்புறம் நின்ற வாக்காளர்கள்
இரண்டாகப் பிரிந்து தெரிந்தார்கள்.
"பென்சில் தொலைஞ்சிட்டு. அதான் மடிச்சேன்."

என் பென்சிலைக் கொடுத்தேன்.
முகர்ந்து பார்த்தாள், காதில் செருகினாள்,
மூலைக்கு மூலை சேர்த்து
இன்னொரு தடவை மடித்தாள்.
"இது சாஞ்சது."
அடுத்த நிமிஷம் வகுப்பு முழுக்க மடிப்புச் சத்தம்.
செருப்புகள் தரையில், தாள்கள் வராந்தாவில்,
பாதிப் பிள்ளைகள் அவற்றின் பின்னால்.
ஹெச்.எம். சார் வந்து வாசலில் நின்றார்.
நிற்கிற கோடு என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்கு வருகைப் பதிவேடு.
மற்றவர்களுக்கு முழு நாள், முழுக் கையெழுத்து.
என் கட்டத்தில் மூலைக்கு மூலை
சிவப்பில் ஒரு சாய்ந்த கோடு,
அதற்குக் கீழே கிடைக்கிற முக்கோணத்தில் என் பெயர்.
ஒன்பது வருஷமாக அதற்குள் எழுதி எழுதி
கையெழுத்தே சின்னதாகிவிட்டது.
இன்றைக்குத்தான் அதைக் கோடாகப் பார்த்தேன்.

திரும்பும்போது காற்று முதுகில்.
நடக்கவே வேண்டாம், தள்ளிக்கொண்டு போய்விடும்.
பையில் ஜெப்ரினின் தாள்,
அதை மட்டும் மடிக்காமல் சுருட்டி வைத்திருக்கிறேன்.
ஓரத்திலிருந்து ஓரம்வரை படுத்த கோடு,
நடுவில் கொஞ்சம் மேடு.
மலையா என்று கேட்டிருந்தேன்.
"போர்வை" என்றான்.
"மூச்சு விடுதால்லா."