ஏறும் வழி

பேருந்தின் முன்கதவில் 'சாலித்தா' என்று எழுதியிருக்கிறது.
எங்கள் ஸ்பானிஷ் காதுக்கு அது வெளியேறும் வழி.
பெர்காமோவுக்கு வந்த முதல் மாதம் முழுக்க
ஏறுகிறவர்களை இடித்துக்கொண்டு
அந்தக் கதவு வழியாகவே இறங்கினோம் நாலு பேரும்.

யோசெலின்தான் கண்டுபிடித்தாள். எட்டு வயசு.
"நம்ம சாலிர் வெளியேறுவது, அப்பா.
இவங்க சாலிரே ஏறுவது.
நாம ஏறுவதற்குச் சொல்கிற சுபிர்
இங்கே சுபிரே. அதற்கு அர்த்தம்
வாயை மூடிக்கொண்டு படுவது."
அன்றிலிருந்து எந்த வினைச்சொல்லையும்
நான் முழுசாக நம்புவதில்லை.

வெளியேறி, ஏறி, குடியேறி.
எல்லாம் ஒரே கதவு போலத்தான் இருக்கிறது
பின்னாலிருந்து தள்ளுகிறவர்களுக்கு.

கடையில் வெண்ணெய்க்குப் பெயர் 'புர்ரோ'.
எங்களுக்கு அது கழுதை.
"ரொட்டியில் கொஞ்சம் கழுதை தடவு" என்பான் ரொனால்,
தினமும், அதே முகத்தோடு.
தினமும் சிரிக்கிறோம்.
காசு கொடுத்து வாங்காத ஒன்றாவது
இந்த வீட்டில் இருக்கட்டும்.

நெல்வா மேல்நகரத்தில் இருக்கிறாள்.
படுத்த படுக்கையான ஒரு நோட்டரிக்கு
இரவும் பகலும் துணை.
அவர் இரவில் இரண்டு தடவை கூப்பிடுவார்,
சில இரவு ஏழு.
எங்கள் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால்
குன்றின்மேல் அந்தத் தெருவின் விளக்குகள் தெரியும்.
அம்மா விளக்கு எது என்று பிள்ளைகளுக்குள் சண்டை.
நான் தீர்ப்புச் சொல்வதில்லை.
எனக்கும் தெரியாது.

ஞாயிறு அவளுக்கு விடுமுறை.
வியாழன் மதியம் இரண்டிலிருந்து எட்டு வரை.
வியாழனென்றால் வீடு திருவிழா:
கொச்சபாம்பாவிலிருந்து பெட்டியில் வந்த அரைகல்லைத்
தரையில் இறக்கி,
தக்காளியும் லொகோத்தோ மிளகாயும் வைத்து
நான் இழுத்து இழுத்து அரைப்பேன்.
கீழ்வீட்டு ரோத்தா
துடைப்பக் கட்டையால் தன் கூரையை, அதாவது எங்கள் தரையை,
மூன்று தடவை இடிப்பார்.
ரொனால் காலால் மூன்று பதில் இடி.
அவ்வளவுதான் அவரோடு எங்களுக்குப் பேச்சு.

போன வியாழன்
நெல்வா உள்ளே வந்து, ஒரு ஷூவைக் கழற்றி,
இன்னொன்றைக் கழற்றுவதற்குள்
சோஃபாவில் தூங்கிப்போனாள்.

நான் கல்லைத் தொடவில்லை.
யோசெலின் அவள் காலடியில் தரையில் அமர்ந்து
கணக்குப் போட்டாள், அழிரப்பரை உபயோகிக்காமல்,
தப்பையெல்லாம் அடித்து அடித்து.
ரொனால் குளிர்சாதனப் பெட்டியின் வயரையே
பிடுங்கிவிட்டு வந்து நின்றான்,
அது முனகுகிறதாம்.
தக்காளிகள் மேசைமேல் அப்படியே.
மணி மூன்று. நாலரை. ஐந்து.

கதவைத் தட்டும் சத்தம்.
ரோத்தா. வீட்டுச் செருப்பு, மூச்சிரைப்பு.
ஏன் இன்று ஒன்றும் இல்லை என்று கேட்டார்,
கையால் அரைப்பதுபோல் காட்டி.
யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்றார்.

எத்தனையோ சொல்லத் தோன்றியது.
வினைச்சொற்கள் ஒவ்வொன்றாக
நாக்குவரை வந்து பின்வாங்கின.
'தோர்மே' என்றேன். தூங்குகிறாள்.
எங்கள் ஊரில் துவேர்மே.
இது ஒன்று காலை வாராது.

அவர் எட்டிப் பார்த்தார்.
கழற்றாத ஷூவைப் பார்த்தார்.
தலையாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து
படியிறங்கினார்.

ஏழேகாலுக்கு எழுந்தவள்
எங்கள் மூவரையும் பிடிபிடியென்று பிடித்தாள்.
"எழுப்பத் தெரியாதா? வாரத்தில் இது ஒன்றுதானே?
பெட்டியை யார் அணைத்தது? பால் கெட்டிருக்கும்."
யோசெலினின் நோட்டைப் பார்த்து அதற்கும் திட்டு.
பிறகு மிச்சமிருந்த நேரத்தில்
நின்றபடியே அவள் தலையைப் பின்னினாள், ரொம்ப இறுக்கமாக.

நிறுத்தத்தில் குளிர்.
பேருந்து வந்தது.
கன்னத்தில் சோஃபாத் துணியின் வரிவரியான தடத்தோடு
முன்கதவில் கால் வைத்தாள்.

"சாலிரே" என்றான் ரொனால், சரியாகத்தான்.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை,
சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.