திருத்த மனு

அல்மோரா கோர்ட்டு வாசலில்
பதினெட்டு வருஷமாக டைப் அடிக்கிறேன்.
மனுதாரர் சொல்வது ஒன்று
நீதிபதி படிப்பது ஒன்று
நடுவே கிடப்பவை என் பத்து விரல்கள்.

தீபாவளி கழிந்த வாரம்
பாகுலி நகர்கோட்டி வந்தாள்.
கோர்ட்டுக்கு இல்லை, கோலு தேவனுக்கு.
எங்கள் ஊரில் அவருக்கும் முத்திரைத்தாள்தான்.
வக்கீல் இல்லை, வாய்தா இல்லை.
தாளைக் கட்டிவிட்டு
மணியை ஒருதரம் அடித்தால்
வழக்கு பதிவாகிவிடும்.

"கொழுந்தன் கை என் வயலில் படக்கூடாது."
அவ்வளவுதான் சொன்னாள்.
தாளில் முக்கால்வாசி வெள்ளை.
அறுபது ரூபாய்க்கு ஒற்றை வரியா என்று கூச்சமாகி
நானே இறக்கினேன் இன்னொன்று:
மேற்படியான் கை விளங்காமல் போகக் கடவது.
கீழே அவள் கைநாட்டு.
படித்துக் காட்டச் சொல்லவில்லை.
நானும் காட்டவில்லை.

பனி உருகுமுன் சேதி வந்தது.
காலையில் டீ கிளாஸைத் தூக்கிய உம்மேத் சிங்
அது நழுவியதைப் பார்த்துக்கொண்டே நின்றானாம்.
வலது கை. தோளிலிருந்து தொங்குகிறது.
"கோலுவின் தீர்ப்பு, பார்த்தாயா?" என்று
ஜீப் ஓட்டும் கிருபால் சிரித்தான்.
நானும் பல்லைக் காட்டினேன்.
அன்று அடித்த தாளெல்லாம் பிழை.

முதலில் நந்தாதேவியிடம் போனேன்.
கடைத்தெருவுக்கு நடுவில் இருப்பவள்,
புகுந்த வீட்டுச் சண்டை தெரிந்தவள்.
கல்யாணக் கோஷ்டி ஒன்று படம் பிடித்துக்கொண்டிருந்தது.
கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.
நின்றேன்.
வந்துவிட்டேன்.

மறுநாள் மேடேறிக் காசார்தேவி.
பாறைமேல் வெளிநாட்டுக்காரர் இருவர்
கண்மூடி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
எனக்குக் கேட்டது பைன் மரக் காற்று மட்டும்.
வழக்கு எங்கே நிலுவையில் இருக்கிறதோ
அங்கேதான் போக வேண்டும்.
தொழில் தெரிந்தவனுக்கே
இதற்கு இரண்டு நாள் ஆகிறது.

சித்தை.
சுண்டுவிரல் நுனி அளவு மணியிலிருந்து
பிள்ளையை உள்ளே உட்காரவைக்கும் மணி வரை.
இடுக்கெல்லாம் தாள்கள்
பழுத்து, சுருண்டு, ஒன்றின் முதுகில் ஒன்று.
"திரும்ப வாங்கவா?"
பூசாரி ஹரிதத்தர் கண்ணாடியைக் கழற்றினார்.
"கொடுக்க வழி உண்டு.
வாங்க இதுவரை யாரும் வந்ததில்லை."

தேடினேன்.
என் மெஷினில் ர மட்டும் அரை வரி மேலே விழும்.
அதை வைத்துப் பிடித்துவிடலாம் என்று எண்ணம்.
ஒரு தூணில் பதினாறு தாள்களில் ர துள்ளியது.
அடுத்த தூணில் எண்ணவில்லை.
பயிர் கருகட்டும். வாய் அடைக்கட்டும்.
குடி ஒழியட்டும்.
யார் கேட்டார்கள் இவ்வளவையும்?
மாட்டைக் கேட்டு வந்தவர்கள்,
வரப்பைக் கேட்டு வந்தவர்கள்,
ஓடிப்போன மகனின் முகவரி கேட்டு வந்தவர்கள்.
காசுக்குக் குறையக்கூடாதென்று
வரியை நீட்டியவன் நான்.

பாகுலியின் தாள் கிடைத்தது
என்றும் சொல்லலாம்.
பனியில் மை கரைந்து
கைநாட்டு மட்டும் மிஞ்சிய ஒன்று.
கட்டைவிரலில் என்ன அடையாளம் தெரியும் எனக்கு?

புதுத்தாளில் கையால் எழுதினேன்,
பள்ளிக்கூடப் பையனின் எழுத்து:
இங்கே தொங்கும் ர துள்ளிய மனுக்களில்
முதல் வரி மனுதாரருடையது.
மீதி, டைப்பிஸ்ட் கீர்த்திவல்லப் லோஹனியுடையது.
கட்டக் கயிறில்லை.
வாசலில் விட்ட ஷூவிலிருந்து லேஸை உருவி வந்தேன்.
மணி அடிக்கக் கை வரவில்லை.
அடிக்காமல் பதிவாகுமா, தெரியாது.

திரும்பும் ஜீப்பில்
இடது கால் ஷூ கழன்று கழன்று போனது.
பாகுலியின் வயல் வந்தது.
வரப்புக்கு அந்தப்புறம் உம்மேத் சிங்
தீப்பெட்டியை முழங்கால் இடுக்கில் வைத்து
இடது கையால் உரசிக்கொண்டிருந்தான்.
ஒரு குச்சி.
இரண்டு.
கோதுமைக்கு நடுவிலிருந்து அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
அரிவாளைக் கீழே வைத்தாள்.
மூன்றாவது குச்சிக்குள்
ஜீப் வளைவில் திரும்பிவிட்டது.