தன்மை ஒருமை

எர்ட்பெர்க் நீதிமன்றத்தில், மூன்றாம் மாடியில்,
என் தொழிலுக்கு ஒரு விதி உண்டு:
அவர் 'நான்' என்றால்
நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.
"அவர் சொல்கிறார்" என்று தொடங்கினால்
நீதிபதி பேனாவால் மேசையைத் தட்டுவார்.

ஆகவே போன செவ்வாய், காலை ஒன்பதே காலுக்கு,
ஜெர்மன் மொழியில்,
என்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள்.
என் இடது காதில் இன்னமும் இரைச்சல்.
நான் ஹோரோக் ஊரில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுபவன்.
ஊர்வலத்தில் நின்றேன், ஒரே ஒரு நாள்.
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.
யாரைக் கேட்கிறார்கள் என்று தெரியாமல்
இமோம்னசரும் நானும்
ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

பிறகு துறையின் பிரதிநிதி
உறையிலிருந்து ஒரு கடிதத்தை உருவினார்.
அந்த நாட்டு அமைச்சகம் அனுப்பியது.
முத்திரைகள் இரண்டு.
கையெழுத்து, எந்த மொழியிலும் படிக்க முடியாதது.
வாசித்துப் பெயர்த்தேன்:
திருப்பி அனுப்பப்படுபவர் துன்புறுத்தப்படமாட்டார்.
அவருக்கு மருத்துவம் வழங்கப்படும்.
கண்ணியமாக நடத்தப்படுவார்.

படும், படும், படுவார்.
எல்லாமே செயப்பாட்டு வினை.
இருபது வருடமாக இரண்டு மொழிக்கு நடுவே பிழைப்பவள்,
பழக்கதோஷத்தில் எழுவாயைத் தேடினேன்.
தொங்கவிட்டவனையும் காணோம்,
இனித் தொங்கவிடமாட்டேன் என்பவனையும் காணோம்.

வழக்கறிஞர் ஹெட்விக் ஆயிக்னருக்கு அன்று சளி.
மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"இந்த வாக்கு மீறப்பட்டால்
இவர் யாரிடம் போய்ச் சொல்வார்?
கடிதம் எழுதியவரிடமா?"
பிறகு உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவை வாசித்தார்.
எவரையும் சித்திரவதைக்கு உட்படுத்தலாகாது.
மற்றப் பிரிவுகளுக்கெல்லாம் வால் உண்டு:
ஆயினும், தவிர, பொதுநலன் கருதி.
இதற்கு இல்லை.
பெயர்த்து முடிக்க ஒரு மூச்சு மிச்சமிருந்தது.

இமோம்னசர் என் பக்கம் திரும்பி
தாஜிக்கில் கேட்டார்: "எவரையும் என்றால், என்னையுமா?"
விதி விதிதானே.
நான் நீதிபதியைப் பார்த்து,
"என்னையுமா?" என்று கேட்டேன்.
பதில் வரவில்லை. கேள்வி குறிப்பேட்டில் ஏறியது.

கடிதம் போதும் என்று தீர்ப்பு.
வெள்ளிக்கிழமை, காலை ஆறு பத்து விமானம்.

ஹெட்விக் ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு எழுதினார்,
முப்பத்தொன்பதாம் விதியின்கீழ், அறுபத்திரண்டு பக்கம்.
மருத்துவர் வரைந்த காதின் படம் உட்பட.
வியாழன் மாலை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
அரைப் பக்கம் பதில் வந்தது:
மறு உத்தரவு வரும்வரை அனுப்பலாகாது.

காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன்.
"வரும்வரை என்றால் எத்தனை நாள்?"
அந்தச் சொல்லுக்குள் நாள்கணக்கு இல்லை என்றேன்.
அது என் சொந்த வாக்கியம். சொல்லியிருக்கக் கூடாது.

அங்கே உள்ளே போனதும்
ஷூ கயிறுகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள்,
கழுத்தை நினைத்து.
நாளை பயணம் என்று அன்று மாலையே
கயிறுகளைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.
அவரும் இறுக்கிக் கட்டி,
கட்டிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

ஏதோ உரசும் சத்தம். பின்னால் ஒரு காவலரின் இருமல்.
"கயிற்றைக் கேட்கிறார்கள்," என்றார்.
சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.
"ஒன்றைக் கொடுத்துவிட்டேன்.
இன்னொன்றில் முடிச்சு விழுந்துவிட்டது."

லைன் அறுந்த பிறகும் காதில் வைத்தபடி
ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன்,
கேட்க யாருமில்லாமல்:
ஒன்றைக் கொடுத்துவிட்டேன்.